அஞ்சல் ஏற்கெனவே படிக்கப்பட்டது

ஜனவரி 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடுகு எழுதுவது. நான் சௌக்கியம். அம்மாவும் சௌக்கியம்தான், முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டாலே முரண்டு பிடிக்கிறது. தைலம் தேய்க்கப் போனால், “நீ தேய்ச்சா எரியுது, உங்கண்ணன் தேய்ச்சாத்தான் கேக்கும்” என்கிறாள். உன் இருமல் நின்றதா?

ஒரு காரியமாக எழுதுகிறேன். மண் பரிசோதனை நிலையத்தில் எனக்கு இப்போது சல்லடை வேலை இல்லை. தினமும் நூற்றிருபது மண் பைகளின் முடிவுகளை யூனிக்ஸ் மெஷினில் ஏற்றுவதுதான் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை கறுப்புத் திரையும், அடுத்த கட்டளைக்காக அதில் காத்திருக்கிற டாலர் குறியும்தான் எனக்குத் துணை. அஞ்சல் வந்திருக்கிறதா என்று பார்க்க, அதற்கென்று இருக்கிற நிரலைத் தனியாகத் திறக்க வேண்டியிருக்கிறது. திறந்தால் ஒன்றும் இருக்காது. திறக்காத அன்றைக்குப் பார்த்து வந்து கிடக்கும். நேற்று கண்காணிப்பாளர் பின்னால் வந்து நின்று, “என்னம்மா, முட்டை போட்டுருக்கான்னு கோழிக்கூண்டத் தொறந்து தொறந்து பாக்கற மாதிரி பாக்கறே?” என்று கேட்டுவிட்டார். பக்கத்து மேஜைத் தட்டச்சு அக்கா அடக்க முடியாமல் சிரித்தாள்.

ஷெல்லே, அதாவது நாங்கள் கட்டளை அடிக்கிற அந்த இடமே, புது அஞ்சல் வந்தால் தானாகச் சொல்லும்படி செய்யலாமாமே? உங்கள் கம்பெனிதான் இந்த மெஷினைத் தொலைவிலிருந்து பராமரிக்கிறது, அதிலும் எங்கள் நிலையம் உன் பொறுப்பு. எனக்குப் புரிகிற மாதிரி எழுதி அனுப்பேன்.

உன் தங்கை,
கடுகு

ஜனவரி 12

அன்புள்ள கடுகுக்கு,

இருமல் போய்விட்டது. மற்றபடி நான் இருக்கிறேன். ஒரு வேளை சமைக்கிறேன், அதுவும் பேருக்கு. அம்மாவைப் படி ஏறவிடாதே.

நீ உள்ளே நுழைந்ததும் ஷெல் முதலில் படிக்கிற தொடக்கக் கோப்பு ஒன்று இருக்கிறது. அதன் கடைசியில் இந்த வரியைச் சேர்:

MAILCHECK=60

அறுபது என்றால் அறுபது விநாடி. ஒரு நிமிடம் கடந்திருந்தால், அடுத்த டாலர் குறியைப் போடுவதற்கு முன்னால் ஷெல் உன் அஞ்சல் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வரும். புதிதாக ஏதாவது விழுந்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுத்தான் குறியைப் போடும். அது என்ன வார்த்தையில் சொல்ல வேண்டும் என்பதைக்கூட நீயே எழுதி வைக்கலாம். அந்த வரியைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். சமக்குறிக்கு இருபுறமும் இடம் விடாதே, ஷெல்லுக்குப் பொல்லாத கோபம் வரும்.

இதையே மெஷினில் அனுப்பியிருக்கலாமே என்பாய். மெஷினில் வருகிற அஞ்சலை நிர்வாகி நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் படிக்கலாம். அந்தத் தொழிலில் இருக்கிறவன் சொல்கிறேன். வீட்டு விஷயத்துக்குப் பேனாதான் நல்லது.

ஆமாம், மண் பைகளுக்கு நடுவே அப்படி என்ன தலைபோகிற அஞ்சல்? யாரிடமிருந்து?

உன் அண்ணியிடமிருந்து ஏதாவது தகவல் உண்டா? பதினொரு மாதம் ஆகிறது. கோபித்துக்கொண்டு போனவள் எனக்கு எழுத வேண்டாம், உனக்காவது ஒரு வரி எழுதியிருப்பாள் என்று நினைத்தேன்.

அன்புடன்,
அண்ணா

பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ ஒரு வேளைதான் சமைக்கிறாய் என்று படித்துக் காட்டியதிலிருந்து அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த கடிதத்தில் இரண்டு வேளை என்றாவது எழுதிவிடு.

நீ சொன்னபடியே செய்தேன். “கடுகு, கடிதம் வந்தாச்சு” என்று ஆங்கில எழுத்தில் அடித்து வைத்தேன். முதல் தடவை அந்த வரி திரையில் வந்தபோது யாரோ தோளைத் தட்டிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. தட்டச்சு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கும் போட்டுக் குடேன். இதுல எனக்கு யாரும் எழுத மாட்டாங்க, இருந்தாலும் இருக்கட்டும்” என்றாள்.

அஞ்சல் எல்லாம் தலைமை ஆய்வகத்துச் சமாச்சாரம்தான், வேறென்ன. அண்ணியிடமிருந்து எனக்கு ஒன்றும் வரவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. கையேட்டைப் பிரித்தேனா, அதோடு நிறுத்தாமல் அடுத்த பக்கத்தையும் படித்தேன். பெட்டியில் இருக்கிற அஞ்சலை யாராவது படித்திருந்தால் அதையும் ஷெல் சொல்லுமாம். அதற்கு ஒரே ஒரு வரி: shopt -s mailwarn. விளையாட்டாகத்தான் சேர்த்தேன். மறுநாள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்து ஒரு கட்டளை அடித்ததும், அஞ்சல் ஏற்கெனவே படிக்கப்பட்டுவிட்டது என்று திரையில் வந்தது.

நான் திறக்கவே இல்லை, அண்ணா. பத்து நாளில் நான்கு தடவை இப்படி வந்துவிட்டது. யாராக இருக்கும்?

உன் தங்கை,
கடுகு

பிப்ரவரி 26

அன்புள்ள கடுகுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, வேலை கழுத்தை நெரிக்கிறது. நான் இரண்டு வேளை சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

நீ சேர்த்த அந்த வரியை எடுத்துவிடு. பாதுகாப்புக்காக நகல் எடுக்கிற நிரல் தினமும் எல்லாப் பெட்டிகளையும் தொட்டுவிட்டுப் போகும். அதைப் போய் ஷெல் ‘படித்தார்கள்’ என்று சொல்லும். ஒன்றுமில்லாததற்கு மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால், அக்கம்பக்கத்தைப் பார். அந்தத் தட்டச்சு அக்கா உன் திரையை எட்டிப் பார்த்ததாக நீயே எழுதியிருக்கிறாய். நீ சாப்பிடப் போகும்போது மெஷினை விட்டு வெளியேறிவிட்டுப் போகிறாயா? கடவுச்சொல்லை எங்காவது எழுதி வைத்திருக்கிறாயா? சிரித்துப் பேசுகிறவர்கள் எல்லோரும் நல்லவர்கள் இல்லை.

தலைமை ஆய்வகத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு அஞ்சலா வருகிறது?

அன்புடன்,
அண்ணா

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

அம்மா நலம். என் உடம்பு நலம், மனசுதான் சரியில்லை.

நீ சொன்ன பிறகு எல்லாமே வேறு மாதிரி தெரிய ஆரம்பித்துவிட்டது. கடவுச்சொல்லை மேஜை இழுப்பறையில் ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தேன். தட்டச்சு அக்கா ஸ்டேப்லர் வேண்டும் என்று அதே இழுப்பறையைத்தான் திறப்பாள். நான் சாப்பிட எழுந்தால் அவள் எழுவதில்லை, மேஜையிலேயே சாப்பிடுகிறாள். நேற்று திடீரென்று, “உனக்கு லெட்டர் எழுதறது யாருடி, ஆளே மாறிப்போற?” என்று கேட்டாள். எனக்குச் சுரீர் என்றது.

கண்காணிப்பாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அவள் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே, “சார், நான் என்ன தப்பு பண்ணேன்னு அவளயே சொல்லச் சொல்லுங்க” என்றாள். நான் வாயைத் திறக்கவில்லை. இன்று காலையிலிருந்து அவளுக்கு மண் கிடங்கில் பைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. அங்கே தூசி. அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு.

சரியாகத்தான் செய்தேனா?

கடுகு

மார்ச் 8

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் இன்று காலைதான் கிடைத்தது, உடனே எழுதுகிறேன். சரியாகத்தான் செய்திருக்கிறாய். விஷயம் அதோடு முடிந்தது. அந்த எச்சரிக்கை வரியை மறக்காமல் எடுத்துவிடு, இனி அதற்குத் தேவையே இல்லை.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணா

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? மெஷினில் எழுதாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று திகைப்பீர்கள். போனில் ஒரு தடவை நீங்கள் சொன்ன தபால் பெட்டி எண்ணை நினைவிலிருந்து எழுதுகிறேன், சேர வேண்டும். நான் கீழே சொல்வதைத் தவிர இனி எனக்கு மெஷினில் எதுவும் எழுதாதீர்கள்.

நம் அஞ்சலை யாரோ படிக்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரி என்று நினைத்து அவளைக் கிடங்குக்குத் தள்ளினேன். அவள் போன பிறகும் திரையில் அதே வரி வந்தது. அப்புறம்தான் உட்கார்ந்து ஒழுங்காகத் தேடினேன். கோப்பைக் கடைசியாக எப்போது படித்தார்கள் என்று காட்டுகிற கட்டளை ஒன்று இருக்கிறது, யார் எப்போது மெஷினுக்குள் வந்தார்கள் என்று காட்டுகிற கட்டளை இன்னொன்று. என் பெட்டி படிக்கப்படுவது மதியம் பன்னிரண்டு நாற்பது வாக்கில், நாங்கள் எல்லோரும் சாப்பிடுகிற நேரம். நகல் எடுக்கிற நிரல் ஓடுவது சாயங்காலம் ஆறு மணிக்கு. பன்னிரண்டு நாற்பதுக்கு, ஒரு தடவைகூடத் தவறாமல், தொலைபேசி வழியாக உள்ளே வந்திருப்பது மெஷினைப் பராமரிக்கிறவர்கள் நுழைகிற கணக்கு.

எங்கள் நிலையத்தின் பராமரிப்பு யார் கையில் என்று உங்களுக்கே தெரியும்.

அண்ணா உங்கள் பையைத் துழாவுவார், டைரியைப் படிப்பார், அம்மா வீட்டுக்குப் பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் கேட்பார் என்று நீங்கள் எழுதியபோதெல்லாம் ஆறுதலாகப் பதில் எழுதினேன். மனசுக்குள் மட்டும், இந்த அண்ணி எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

இன்னும்கூட என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. அந்தக் கணக்கில் அவர் கம்பெனியில் வேறு யாராவது நுழைந்திருக்கலாம் இல்லையா? கண்ணால் பார்த்துவிட்டால் தெளிந்துவிடும். எனக்கு மெஷினில் ஒரு அஞ்சல் எழுதுங்கள். ஏப்ரல் 13, வியாழக்கிழமை, ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் பத்து மணிக்கு இறங்கி வேறு வண்டி மாறப் போவதாகவும், என்னை வர வேண்டாம் என்றும் எழுதுங்கள். நீங்கள் எங்கும் போக வேண்டாம். நான் போய் ஒதுங்கி நின்று பார்க்கிறேன்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 4

நாத்தனாருக்கு,

நான் நலம். அம்மாவின் முழங்காலைப் பார்த்துக்கொள்.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நான்காவது தடவை படித்தபோது, இதையே உன் அண்ணன் சொல்லச் சொல்ல நீ எழுதியிருந்தால் என்ன என்று தோன்றியது. என் மேல் வருத்தப்படாதே. நான்கு வருஷம் அந்த வீட்டில் இருந்த எவளுக்கும் அப்படித்தான் தோன்றும்.

நீ கேட்ட அஞ்சலை வரும் திங்கட்கிழமை அனுப்புகிறேன். அன்றைக்கு நான் ஜங்ஷனுக்கு எந்தப் பக்கத்திலும் இருக்க மாட்டேன். அந்தத் தபால் பெட்டியையும் மாற்றப் போகிறேன். புது எண்ணை உனக்குச் சொல்வதா வேண்டாமா என்று வியாழக்கிழமைக்குப் பிறகு முடிவு செய்வேன்.

இப்படிக்கு,
அண்ணி

ஏப்ரல் 16

அன்புள்ள கடுகுக்கு,

நலம், நலமறிய ஆவல். கொஞ்ச நாளாக உன்னிடமிருந்து கடிதமே இல்லையே. என்னாலும் எழுத முடியவில்லை. வியாழக்கிழமை முழுக்க ஆபீஸிலேயே அடைந்து கிடந்தேன். ஒரு மெஷின் படுத்துவிட்டது, காலையிலிருந்து சாயங்காலம் வரை அதன் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை. உடம்பெல்லாம் அசதி.

இந்தக் காலத்தில் யார் பேச்சையும் நம்ப முடிவதில்லை. வருகிறேன் என்கிறவர்கள் வருவதில்லை. அதை விடு.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணா

ஏப்ரல் 22

அண்ணாவுக்கு,

அம்மா நலமாக இருக்கிறாள். அவளுக்கு இது எதுவும் தெரியாது.

வியாழக்கிழமை நீ ஆபீஸில் இல்லை. ஒன்பது பத்துக்கு ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கினாய். அம்மா தைத்துக் கொடுத்த நீலச் சட்டை போட்டிருந்தாய், முகம் மழித்திருந்தாய். பத்திரிகைக் கடைக்குப் பின்னால் தூண் மறைவில் நான் நின்றிருந்தேன்.

பத்து மணி வண்டி வந்தது. இறங்கின ஒவ்வொரு முகமாகப் பார்த்தாய். அது காலியாகிக் கிளம்பிய பிறகு டீக்கடைக்காரர் கேட்டார்: “என்ன சார், ரொம்ப நேரமா நிக்கிறீங்க. யார் வரணும்?”

“வீட்டுக்காரிங்க. பத்து மணி வண்டின்னா.”

“அது வந்துட்டுப் போயிருச்சே.”

“அடுத்ததுல வருவா. அவளுக்கு எதுவும் நேரத்துக்கு ஆகாது” என்று சொல்லிச் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் வெளியே வந்துவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். என் அண்ணன் பெண்டாட்டியைப் பார்க்க ஆசையாக வந்து நிற்கிறான், இதில் என்ன தப்பு என்று தோன்றிவிட்டது.

பதினொன்றரை மணி வண்டியிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். பின்னாலிருந்து பார்த்தால் அண்ணியின் நடைதான். நீ கூப்பிடவில்லை. பேர் சொல்லவில்லை. ஓடிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துத் திருப்பினாய். “யாருய்யா நீ? விடு, கைய விடு!” என்று அவள் கத்தினாள். வேறு யாரோ என்று தெரிந்த பிறகும் உடனே உன்னால் விட முடியவில்லை. இரண்டு பேர் வந்து உன் விரல்களைப் பிரிக்க வேண்டியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாய். உன் பக்கத்தில் வந்து உட்கார வேண்டும் போலவும் இருந்தது, உன் கண்ணில் படாமல் ஓடிவிட வேண்டும் போலவும் இருந்தது. ஓடிவிட்டேன்.

ஆமாம், அண்ணி எனக்கு எழுதிக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னது பொய். அது பொய் என்று தெரிந்துகொண்டேதான் நீயும், தலைமை ஆய்வகத்திலிருந்தா வருகிறது என்று கேட்டிருக்கிறாய்.

சனிக்கிழமை கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் கம்பெனி எங்களைக் கூப்பிட்டுச் சொன்னால்தான் இனி அந்தத் தொலைபேசி இணைப்பைச் செருகுவோம். மற்ற நேரம் கழற்றியே கிடக்கும். உன் பேரை உன் கம்பெனிக்கு எழுத வேண்டாம் என்று அவர் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொண்டேன். எழுதுவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது.

கிடங்குக்கும் போனேன். தட்டச்சு அக்கா மூக்கில் துணி கட்டிக்கொண்டு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை ஒட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம், “எனக்கு வர்ற கடுதாசியவே நான் பிரிக்கறதில்ல. உன்னுத எடுத்துப் படிக்கப் போறேனாக்கும்? அன்னிக்கு சார் முன்னாடி ஒரு வார்த்த பேசியிருக்கலாம்ல நீ?” என்றாள். திங்கட்கிழமை பழைய மேஜைக்கு வந்துவிட்டாள். என்னோடு பேசுவதில்லை. ஸ்டேப்லர் வேண்டுமென்றால் எழுந்து அடுத்த அறைக்குப் போகிறாள்.

அவளை நான் சந்தேகப்பட வேண்டும் என்று உன் கைப்பட எழுதினாய். அண்ணியின் அஞ்சலைப் படித்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேனோ என்னவோ, இதை எப்படி மறப்பது?

தங்கை

ஜூன் 30

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? அம்மா எப்படி இருக்கிறாள்?

இரண்டு மாதத்தில் ஏழெட்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதியதில் எல்லாம் என் பக்கத்து நியாயமே வந்தது. நீ அதைக் கேட்கவில்லை.

படித்தது நான்தான். முதலில், நீ யாரிடமாவது மாட்டிக்கொண்டாயோ என்று பார்ப்பதற்காகத்தான் ஒரே ஒரு தடவை திறந்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். உன் அண்ணி எழுதியிருந்ததைப் பார்த்ததும் விட முடியவில்லை. எந்த ஊர் என்று எங்காவது தவறிப்போய் எழுதியிருப்பாள் என்று தேடித் தேடிப் படித்தேன். அவள் எழுதவே இல்லை. அவள் என்னைப் பற்றி எழுதியதைத்தான் படித்தேன். அத்தனையும் பொய் என்று அப்போது நினைத்தேன். பேருந்து நிலையத்தில் அந்தப் பெண் கத்திய பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

உங்கள் கண்காணிப்பாளர் எழுதினாரா என்று நான் விசாரிக்கவில்லை. நானே கேட்டு உதிரிப் பாகங்கள் பிரிவுக்கு மாறிவிட்டேன். இங்கே எனக்கு எந்த மெஷினின் கடவுச்சொல்லும் கிடையாது. தட்டச்சு அக்காவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். அவள் பிரிக்க மாட்டாள் என்று தெரியும்.

உன் அண்ணி எங்கே இருக்கிறாள் என்று கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் சொல். மார்ச் மாதத்து அஞ்சலில், படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதாக அவள் எழுதியிருந்தாள். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. கட்டுப் பிரித்தாயிற்றா? கை நேராகிவிட்டதா? ஆம், இல்லை என்று ஒரு வார்த்தை போதும்.

அண்ணா

ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மா இப்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே மாடி ஏறுகிறாள். அடுத்த மாதம் நீ வருவாயா என்று கேட்கிறாள். வா. வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ. என்னிடம் அதிகம் பேச்சை எதிர்பார்க்காதே.

உன் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதி உறையில் போட்டுவிட்டேன். ஒரு வார்த்தைதானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தபால் நிலையம் வரை போன பிறகு, இது நான் சொல்ல வேண்டியதா என்று சந்தேகம் வந்தது. திரும்பி வந்து, நீ கேட்டதை உன் வார்த்தைகளிலேயே அண்ணிக்கு எழுதி, சொல்லலாமா என்று கேட்டேன். புதுத் தபால் பெட்டி எண்ணைப் போன மாதம்தான் எனக்குக் கொடுத்தாள்.

பதினாறு நாள் கழித்து நேற்று பதில் வந்தது. அம்மாவை விசாரித்திருந்தாள், என் வேலையை விசாரித்திருந்தாள். உன் கேள்விக்கு, கடைசி வரியில், இரண்டே சொல் எழுதியிருந்தாள்: “சொல்ல வேண்டாம்.”

அதனால் நான் சொல்லவில்லை, அண்ணா. இதை இனி என்னிடம் கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை